புளியடிக் கிணற்றுக்குப் பொன்னாடை

ஒரு கிணற்றுக்குப் பொன்னாடை போர்த்திய விழாவில் உனக்கென்ன பங்கு என்று யாராவது கேட்டால், கிணற்றின் சுற்றளவை நூல் பிடித்து அளந்தவன் நான்தான் என்று சொல்லிவிடுவேன். பதினெட்டரை முழம். வழக்கமாக நாங்கள் வாங்கும் பொன்னாடை நாலு முழம்தான். நாலு பொன்னாடைகளைச் சேர்த்துத் தைத்து, ஐந்தாவதைக் கிழித்து மீதி இரண்டரை முழத்துக்கு ஒட்டுப் போட்டோம். தைத்ததும் கிழித்ததும் நான். சங்கத்தில் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நான் என்பதால், வேலை என்று எது வந்தாலும் எனக்கு, பெருமை என்று எது வந்தாலும் மற்றவர்களுக்கு. இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை, ஆரோக்கியமுத்து வரும் வரைக்கும்.

முதலில் சங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தெட்டாம் வருஷம் புதுக்கோட்டை சமஸ்தானம் போய் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது. ஊரில் எல்லோருக்கும் எல்லாம் பழகிவிட்டது. பழைய அரண்மனை உத்தியோகஸ்தர்களுக்கு மட்டும் ஒன்று பழகவில்லை. விசேஷ நாளில் யாரும் யாருக்கும் எதையும் போர்த்தாமல் வீட்டுக்குப் போவது எப்படி என்பது அவர்களுக்குப் பிடிபடவே இல்லை. அவர்களில் ரொம்பவும் வாடிப்போனவர் ஆவுடையப்பன். அரண்மனை உக்கிராணத்தில், அதாவது அரிசி பருப்புக் கிடங்கில், முப்பது வருஷம் மேற்பார்வை பார்த்தவர். அவர்தான் ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம் என்றார்.

எதற்குச் சங்கம் என்பதில்தான் சிக்கல். தமிழுக்குச் சங்கம் இருந்தது. சங்கீதத்துக்கு இருந்தது. சைவத்துக்கு இரண்டு இருந்தன. அங்கெல்லாம் விஷயம் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் தெரிந்தவன் இருக்கிற இடத்தில் நிம்மதியாக ஒருவரைக் கௌரவிக்க முடியாது, குறுக்கே பேசுவான். ஆகவே ஊரில் ஒருவருக்கும் தெரியாத சாஸ்திரமாகத் தேடி, பூமி ரசாயன மேன்மைச் சங்கம் என்று வைத்தார்கள். பூமிக்குள் இருக்கும் கல், மண், தண்ணீர் இவற்றில் என்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று ஆராயும் சாஸ்திரம் என்று எங்கள் விளக்கச் சீட்டில் ஒரு வரி போட்டிருந்தது. ஒரு பழைய கலைக்களஞ்சியத்தைப் பார்த்து நான் எழுதியது. அந்த வரிக்கு மேல் சங்கத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது, என்னையும் சேர்த்து.

ஆவுடையப்பன் தலைவர். திருமயம் பக்கத்து ஆதப்பச் செட்டியார் செயலாளர். அவர் பர்மாவில் மாணிக்கம் தோண்டும் ஊருக்கு இரண்டு மைல் தள்ளி மரக்கடை வைத்திருந்தவர். அந்த இரண்டு மைல் நெருக்கத்தை உத்தேசித்து விஞ்ஞான விவகாரங்களை அவரிடம் ஒப்படைத்தோம்.

முதல் வருஷத்து விருது ஒரு பாறைக்குப் போனது. இரும்புச்சத்து மிகுந்த பாறை என்று செயலாளர் சொன்னார். கருப்பாக இருந்தது, நாங்களும் நம்பினோம். அதை மாட்டு வண்டியில் ஏற்றி நாதஸ்வரத்தோடு கொண்டுவந்து, மாலை போட்டுத் திருப்பி அனுப்பினோம். மூன்றாம் மாதம் ரோட்டுக்கு ஜல்லி போதவில்லை என்று யாரோ அதை உடைத்துப் பரப்பிவிட்டார்கள். எங்கள் முதல் விருதாளர் மேல் பஸ் ஓடியது. தலைவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் விதி பதினான்கைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

'சங்கத்தின் விருது பெற்ற கல், மண், நீர்நிலை எதுவாயினும், அதை மிஞ்சிய இன்னொன்று விருது பெறும் வரையில், பெற்ற நிலையிலேயே பேணப்படும். அதை எவரும் உடைக்கவோ, பெயர்க்கவோ, தூர்க்கவோ கூடாது.'

தூர்க்கவோ என்ற சொல் தலைவர் சொன்னதல்ல. இரண்டோடு நின்றால் வாக்கியத்துக்கு ஓசை போதாது என்று நான் சேர்த்தது.

விதியின் நகலை ஜில்லா அலுவலகத்துக்கு அனுப்பினோம். பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை குத்திப் பதில் வந்தது. முத்திரை விழுந்ததால் அது சட்டமாகிவிட்டது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். பிற்பாடு பார்த்தால் அவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பத்தேழாம் வருஷம் பங்குனி மாதம் ஆரோக்கியமுத்து வந்தார். மெலிந்த ஆள். கழுத்தில் ஒரு மாதா சுரூபம், சைக்கிள் கேரியரில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் மருந்து பாட்டில்கள்.

"அண்ணே, இங்கதான் தண்ணிக்கு சர்ட்டிபிகேட் குடுக்குறதாச் சொன்னாங்க."

"தண்ணிக்கு இல்லை. மேன்மைக்கு."

"எங்க ஊர்த் தண்ணியில மேன்மை ஒண்ணும் இல்லைங்க. கெடுதல்தான் இருக்கு. அதுக்குக் குடுப்பீங்களா?"

அப்படி ஒரு பிரிவு எங்களிடம் இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு வேறு வேலையும் இல்லை. உட்காரச் சொன்னேன்.

அவர் ஒரு காலேஜில் ரசாயன லேப் அட்டெண்டர். ஊர் ஆவூரிலிருந்து மூன்று மைல், ஒத்தப்புளிப்பட்டி. ஊர் நடுவே புளியமரத்தடியில் ஒரு கிணறு. எந்தக் கோடையிலும் வற்றாதது அது ஒன்றுதான். அந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பல் பழுப்பேறி முளைக்கிறது. முப்பது வயதில் முதுகு கட்டைபோல விறைத்துப்போகிறது. முனி அடித்தது என்று கொஞ்சப் பேரும், பாவத்தின் சம்பளம் என்று கொஞ்சப் பேரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியமுத்து லேபில் பாட்டில் கழுவுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டு, பதினோரு வருஷமாக சைக்கிளில் சுற்றி நூற்றுச் சொச்சம் கிணறுகளை அளந்திருந்தார்.

"பாறையிலேர்ந்து ஒரு சத்து தண்ணியில எறங்குதுங்க. ஃபுளோரைடும்பாங்க. இந்தச் செவப்புச் சாயத்துல தண்ணியை விட்டா, அது எவ்வளவு இருக்கோ அவ்வளவுக்குச் செவப்பு வெளுத்து மஞ்சளாவும். பத்து லட்சத்துல ஒரு பங்கு இருந்தாப் பரவாயில்லை. ரெண்டுக்கு மேல போனா பல்லைப் பிடிக்கும். நாலுக்கு மேல எலும்பைப் பிடிக்கும்."

"உங்க கெணத்துல?"

"ஆறே முக்கால்."

அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, அழவும் இல்லை. கடைக்காரன் விலை சொல்வதுபோலச் சொன்னார்.

கம்மாக்கரையில் ஊற்றுப் பறித்தும் பார்த்துவிட்டாராம். அங்கே அரைதான். அங்கே ஒரு கிணறு வெட்டிவிட்டால் ஊர் பிழைத்தது. ஆனால் ஓர் ஊருக்கு இரண்டு குடிதண்ணீர்க் கிணறு கிடையாது, பழையதை மூடினால்தான் புதியதற்கு சாங்ஷன் என்று ஜில்லா அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பழையதை மூட வேண்டுமென்றால் அது கெட்டது என்று விஞ்ஞான சங்கம் ஏதாவது அங்கீகரிக்க வேண்டும். அட்டெண்டர் எழுதிக் கொடுத்தால் செல்லாது.

"எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க. மூத்தவ அடைக்கலமேரிக்கு ஒம்பது வயசு. பல்லு போச்சு, முட்டியும் மடங்க மாட்டேங்குது. கோயில்ல எல்லாரும் மண்டி போட்டிருக்க, இவ மட்டும் நட்ட கம்பாட்டம் நின்னு செபம் சொல்லுவா. புதுசா வந்த சாமியார் திமிருன்னு நெனச்சு வஞ்சுட்டாரு." கொஞ்ச நேரம் பெட்டியின் கொக்கியைத் திறந்து மூடினார். "சின்னவ தெரேசு. பொறந்து அஞ்சு மாசம். தாய்ப்பால்ல இந்தச் சத்து அவ்வளவா எறங்காதுங்க, நான் கேட்டுட்டேன். இவ பால்குடி மறக்குறதுக்குள்ள கெணத்தை மூடணும். அம்புட்டுத்தான்."

"குடும்பத்தை டவுனுக்குக் கூட்டியாந்துட்டா?"

"லேபுக்குப் பின்னாடி பாட்டில் அடுக்குற ரூம்புல படுத்துக்கிறேன். அங்க குடும்பம் வைக்க விடுவாங்களா? ஆவூர்க் கோயில் கெணறு நல்ல தண்ணி. ஞாயித்துக்கெழமை நான் சைக்கிள்ல ரெண்டு கொடம் கொண்டாந்து வச்சுட்டு வாரேன். மத்த நாள் என் சம்சாரம் செபமாலை நடந்து போயி ஒரு கொடம் கொண்டாரும். அவளுக்கும் முட்டி அப்படித்தான். நடக்குற வரைக்கும் நடக்கும்."

நான் பாரத்தை எடுத்தேன். எங்கள் சங்கத்தில் எல்லாம் மூன்று பிரதி. அறிக்கை மூன்று பிரதி, நன்னடத்தைச் சான்று மூன்று பிரதி, தண்ணீரும் மூன்று பிரதி. ஆரோக்கியமுத்து மூன்று பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தார். மூன்றிலும் ஒரே தண்ணீர்தான் என்பதற்கு ஓர் அத்தாட்சி கேட்டார் செயலாளர். அதையும் மூன்று பிரதி.

இப்படியே எட்டு மாதம் ஓடியது. அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, என் மேசை எதிரில் நின்று, "பல்லு ரெண்டு வந்திருக்குண்ணே," "தவழுதுண்ணே," "நிக்கிதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார். மனுவைப் பற்றிக் கேட்கமாட்டார். அந்தக் குழந்தைதான் எங்கள் அலுவலகத்துக்குக் காலண்டர்.

கார்த்திகையில் குழு கூடியது. நான் அறிக்கையைப் படித்தேன். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். 'இதுவரை அளக்கப்பட்ட கிணறுகளில் இதுவே மிக உயர்ந்த அளவு' என்ற வரி வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"மிக உயர்ந்ததா? அப்படின்னா இது சாதனை."

"கெடுதலோட அளவுங்க," என்றேன்.

"அளவு அளவுதானப்பா. அதுல நல்லது கெட்டது பார்க்க நாம யாரு? யாரு இந்த ஆரோக்கியமுத்து?"

"காலேஜ் லேப் அட்டெண்டருங்க."

"அட்டெண்டர்." அந்தச் சொல்லை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் ருசி பார்த்தார். "அட்டெண்டருக்குப் பொன்னாடை போர்த்தினா, நாளைக்கு நமக்குப் போர்த்துற பொன்னாடைக்கு என்ன மதிப்பு? யோசிக்க வேணாமா? அவன் அளந்தான். வாஸ்தவம். ஆனா அந்த அளவு யாரோடது? கெணத்தோடது. முப்பது வருஷம் உக்கிராணத்துல அரிசி அளந்தேன். ஒரு நாளாவது அது என் அரிசின்னு சொன்னேனா? அளக்குற கையில ரெண்டு மணி ஒட்டும், அது வேற விஷயம்."

ஆதப்பச் செட்டியார் இருமினார். தங்கப்பதக்கம் கிணற்றுக்கு என்று தீர்மானம் நிறைவேறியது. ஆரோக்கியமுத்துவுக்கு ஒரு நற்சான்று, கண்ணாடிச் சட்டம் போடாமல்.

எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாருக்குப் பதக்கம் போனால் என்ன, சங்கத்தின் முத்திரை அந்த எண்ணுக்குக் கிடைத்துவிட்டது அல்லவா? சொன்னதும் ஆரோக்கியமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். விதி பதினான்கு எங்கள் இருவருக்குமே ஞாபகம் வரவில்லை. அவர் அதைப் படித்ததில்லை. நான் எழுதியதோடு சரி.

விழாவுக்கு முன் பரிசோதனைக் குழு ஊருக்குப் போக வேண்டும் என்பது சம்பிரதாயம். வாடகைக் காரில் போனோம். குடிக்கப் புதுக்கோட்டையிலிருந்து கூஜாவில் தண்ணீர் எடுத்துக்கொண்டோம். கூஜாவைத் தூக்கியவன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

ஊர்க்காரர்களைப் புளியமரத்தடியில் வரிசையாக நிறுத்தினார்கள். செயலாளர் ஒவ்வொருவர் வாயையும் திறக்கச் சொல்லி, மாடு பிடிக்க வந்தவர் மாதிரி பார்த்துக்கொண்டே வந்தார்.

"நெறம் ஒரே சீரா இருக்கு," என்றார் திருப்தியோடு. "பர்மாத் தேக்குலகூட இப்படி ஒரே நெறம் கெடைக்காது."

தலைவருக்கு வேறு குறை. அவர் காரிலிருந்து இறங்கியபோது ஒருவரும் குனிந்து கும்பிடவில்லை. எல்லோரும் விறைப்பாக நின்றிருந்தார்கள். கழுத்துக்கூட அசையவில்லை.

"சுதந்திரம் வந்தாலும் வந்துச்சு, பட்டிக்காட்டான்கூட முதுகை வளைக்க மாட்டேங்கிறான்," என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

"வளைக்க முடியாதுங்க. அதைத்தான் அறிக்கையில எழுதியிருக்கு."

"எல்லாத்துக்கும் ஒரு அறிக்கை," என்றார்.

தை மாதம் விழா. விடியற்காலையிலிருந்தே யாரும் தண்ணீர் இறைக்கக் கூடாது என்று தடுத்து, கிணற்றைக் கழுவிக் கோலம் போட்டார்கள். பெண்கள் வெறுங்குடத்தோடு ஓரமாக நின்றார்கள். பதினெட்டரை முழப் பொன்னாடையை நானும் ஆதப்பச் செட்டியாரும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துச் சுற்றினோம். பதக்கத்தை எங்கே மாட்டுவது என்பதில் பத்து நிமிஷம் வாதம் நடந்து, கடைசியில் கப்பியில் கட்டினோம். பிறகு தலைவர் பேசினார்.

"பத்து லட்சத்தில் ஆறே முக்கால். காவேரியில் உண்டா? வைகையில் உண்டா? அங்கே ஓடுவதெல்லாம் வெறும் தண்ணீர். இந்த ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மேன்மையைக் குடித்து வளர்ந்திருக்கிறார்கள். இவர்கள் பல்லைப் பாருங்கள், நமது பூமியின் கையெழுத்து அதில் இருக்கிறது. நான் என் காலத்தில் எத்தனையோ பேருக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தேன். ஒருவனாவது நன்றியோடு இருந்தானா? அடுத்த வருஷமே என் நாற்காலிக்குப் போட்டியாக வந்து நின்றான். இந்தக் கிணறு அப்படிச் செய்யாது. பேசாது, கேள்வி கேட்காது, பதவிக்கு நிற்காது. சங்கம் எதிர்பார்க்கும் விருதாளர் இப்படித்தான் இருக்க வேண்டும்."

பலத்த கைதட்டல். அதுவரை அந்த ஊருக்கென்று எவனும் வந்ததில்லை. வரி வாங்குகிறவனும் ஓட்டுக் கேட்கிறவனும்கூட ஆவூரோடு திரும்பிவிடுவான். முதல் தடவையாக மேளம் அடித்து, ஊர்ப் பேரை மைக்கில் சொன்னார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஆரோக்கியமுத்து கூட்டத்தின் கடைசியில் சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாளே அவர் அந்த எண் போட்ட விருதுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஜில்லா அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்து நேராக என்னிடம் வந்தார்.

"அங்கீகாரம் சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்கண்ணே. கெணறு கெட்டதுதான்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா விருது வாங்குன கெணறாம். ஒங்க சங்கத்து விதி பதினாலு பைலுல இருக்காம். தூர்க்கக் கூடாதாம்."

நான் விதிப் புத்தகத்தை எடுத்தேன். படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சொல் என் கையெழுத்திலேயே இருந்தது.

அந்த வார்த்தையை எடுத்துவிடலாம் என்று தலைவரிடம் போனேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே புரட்சி அது. அவர் சாய்வு நாற்காலியில் இருந்தபடி கேட்டுவிட்டு, "விதியைத் திருத்தினா அந்தப் பாறைக்கு நாம என்ன பதில் சொல்றது?" என்றார். அவர் கண் உண்மையாகவே கலங்கியது. அவருக்குக் கண் கலங்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஊரிலும் காற்று திரும்பிவிட்டது. கிணற்றடி வீட்டுக் கருப்பையா, அதுவரை ஆரோக்கியமுத்துவோடு மனுவில் கைநாட்டுப் போட்டவர், இப்போது வழியில் நிறுத்திக் கேட்டாராம். "ஏம்ப்பா, ஒம் பொண்ணுக்குக் கால் வரலைங்கிறதுக்காக ஊருக்கு வந்த பேரைக் கெடுக்கணுமா? என் மச்சான் ஊரே வந்து பார்த்துட்டுப் போகுது. குடிச்சுப் பார்த்துட்டு, இனிப்பா இருக்குங்கிறாங்க."

"இனிப்பாத்தான் இருக்கும்," என்று இவர் சொல்லியிருக்கிறார். "அதான் இத்தனை வருஷம் யாருக்கும் தெரியலை."

நான் யோசித்து யோசித்து ஒரு வழி சொன்னேன். விருது பெற்றதை வருஷா வருஷம் அளந்து சங்கத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. அளக்கிறவர் இவர்தானே. இந்த வருஷம் ஒன்று என்று குறைத்து எழுதிவிட்டால் சாதனை போய்விடும், விதியும் போய்விடும்.

ஆரோக்கியமுத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னப் பிள்ளை தப்பாகக் கூட்டல் போட்டதைப் பார்த்துச் சிரிப்பதுபோல. "ஒண்ணுன்னா நல்ல தண்ணியாச்சேண்ணே. நல்ல கெணத்தை எதுக்கு மூடுவாங்க?"

அதிகம் என்றால் கௌரவம், மூடக் கூடாது. குறைவு என்றால் சுத்தம், மூட வேண்டாம். எங்கள் சங்கம் பூமி ரசாயனத்தில் உருப்படியாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.

பாக்கி ஒரே வழி. அதை அவரே கண்டுபிடித்தார். 'அதை மிஞ்சிய இன்னொன்று விருது பெறும் வரையில்' என்று விதியிலேயே இருந்தது. இதைவிட மோசமான கிணறு ஒன்று அகப்பட்டால், பதக்கம் அங்கே போகும், ஒத்தப்புளிப்பட்டி விடுதலையாகும்.

மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் அவர் பெட்டியோடு அலைந்தார். கீரனூர்ப் பக்கம், கொடும்பாளூர்ப் பக்கம், சித்தன்னவாசலைச் சுற்றி எல்லாம். சனிக்கிழமை வந்து சொல்லுவார். "மூணுண்ணே." "முக்கால்தாண்ணே. நல்லாத்தான் இருக்கு, என்ன பண்றது." ஒரு மனிதன் நல்ல தண்ணீரைக் கண்டு துக்கப்பட்டதை நான் அப்போதுதான் பார்த்தேன். நானும் சேர்ந்து துக்கப்பட்டேன். கெட்ட தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று சாந்தநாத சாமி கோயிலில் தேங்காய்கூட உடைத்தேன். சாமி என்னைப் பற்றி என்ன நினைத்ததோ.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை. அவர் பெட்டியைக் கீழே வைக்காமல் நின்றார். கண் சிவந்திருந்தது. வெயிலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"கெடச்சிருச்சுண்ணே. திருவரங்குளம் தாண்டி, முள்ளிக்கோன்விடுதின்னு ஒரு ஊரு. எட்டேகால்."

நான் எழுந்தே விட்டேன். பாரத்தை எடுத்து, பேனாவை மசியில் தொட்டேன். "ஊர்ப் பேரை இன்னொரு தரம் சொல்லுங்க, எழுதிக்கிறேன். மூணு பிரதியும் நானே எழுதிடுறேன்."

"வேணாம்ணே."

"என்ன வேணாம்?"

"எழுதாதீங்க."

பெட்டியை வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். மெதுவாகத்தான் சொன்னார்.

"கெணத்தடியில ஒரு பொம்பளை. இடுப்புல ஒரு புள்ளை. தெரேசு வயசுதான் இருக்கும். தண்ணி வேணும்னேன், வாளியோட எறைச்சுக் குடுத்துச்சு. நான் சாயத்தை விட்டுப் பார்க்கிறேன், பச்சை மஞ்சளா ஆயிருச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கலைண்ணே. சிரிச்சுட்டேன். அந்தப் பொம்பளையும் கூடச் சேர்ந்து சிரிச்சு, 'என்னண்ணே, எங்க ஊருக்கு ஏதும் நல்லது பண்ண வந்திருக்கீங்களா'ன்னு கேட்டுச்சு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"நம்ம பதக்கம் அங்கிட்டுப் போச்சுன்னா, அந்தக் கெணத்தை எவனும் மூட முடியாதுல்ல? எம் புள்ளை கழுத்துல கெடக்குற கயித்தை அவுத்து அந்தப் புள்ளைக்குக் கட்டவா? அது நம்மளால ஆகாதுண்ணே."

பெட்டியிலிருந்து அந்த ஊர்த் தண்ணீர் இருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் கொட்டினார். கொட்டிவிட்டு, பாட்டிலை இரண்டு தடவை கழுவினார். பழக்கம்.

பிறகு அவர் முள்ளிக்கோன்விடுதிக் கிணற்றை மூடக் கேட்டு ஜில்லா அலுவலகத்துக்குத் தன் பேரிலேயே ஒரு மனு எழுதிப் போட்டார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. அரசாங்கத்தில் அவ்வளவு சீக்கிரம் பதில் வந்து நான் பார்த்ததில்லை. பூமி ரசாயன மேன்மைச் சங்கத்தின் அங்கீகாரத்தோடு அனுப்பவும் என்று இருந்தது.

அந்த வருஷம் ஆடி மாதம் என்னை ஒத்தப்புளிப்பட்டிக்கு அனுப்பினார் தலைவர். கிணற்றுப் பொன்னாடை எலி கடித்துக் கிடக்கிறதாம், மாற்ற வேண்டுமாம். அது ஒரு வியாழக்கிழமை. ஆரோக்கியமுத்து லீவு போட்டு வீட்டில் இருந்தார். வாசலில் செபமாலையம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் வந்ததைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அடைக்கலமேரி கூரைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு வாரமா ஆவூர் போக முடியலைங்கய்யா," என்றார் அந்த அம்மாள், ஏதோ கடன் தவணை தப்பியவர்போல. "அவுக ஞாயித்துக்கெழமை கொண்டாந்து வைக்கிறது புதன்கெழமையோட தீந்துருது. புள்ளை நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து தாகம் தாகம்னு கேக்குது. எங்கிட்டப் பாலும் இல்லை."

பிறகு அவரே பேச்சை மாற்றினார். "வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிக்கிறீங்களாய்யா?"

கூஜா கார் வைத்துப் போகும்போதுதான். பஸ்ஸில் போகிற குமாஸ்தாவுக்குக் கூஜா கிடையாது. ஆரோக்கியமுத்து என்னைப் பார்த்தார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்பதுபோல. நான் குடிக்கிறேன் என்றேன். ஒரு செம்பு முழுவதும் குடித்தேன். குளிர்ச்சியாக, மெத்தென்று, இனிப்பாக இருந்தது. இத்தனை நாளில் அவ்வளவு நல்ல தண்ணீர் நான் குடித்ததில்லை.

நான் குடித்ததைப் பார்த்துத் தெரேசுவுக்கும் வேண்டியிருந்தது. தத்தித் தத்தி வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, செம்புக்குக் கை நீட்டினாள். யாரும் தடுக்கவில்லை. அவளே பானைப் பக்கம் போய், அப்பன் மொண்டு கொடுத்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல் குடித்தாள். குடித்து முடித்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். மேலே நாலு, கீழே நாலு. அரிசி மாதிரி வெள்ளை.

ஆரோக்கியமுத்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இது பால்பல்லுதானேண்ணே," என்றார் தாழ்ந்த குரலில். "இது விழுந்து நெலைப்பல்லு மொளைக்க ஆறு வயசாவும். இன்னும் நாலு வருசத்துக்கு மேல கெடக்கு. அதுக்குள்ள ஏதாச்சும் பண்ணிடலாம். நீங்க மனசு விடாதீங்க."

எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

நிலைப்பல் வெளியே வருவதுதான் ஆறாம் வயதில். ஈறுக்குள்ளே அது உருவாவது இந்த வயதில், இந்தத் தண்ணீரில். அவர் அறிக்கையின் ஐந்தாம் பக்கத்தில் அவரே அப்படி எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை மூன்று பிரதி எடுத்தவன் நான். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"ஆமாங்க," என்றேன். "நாலு வருஷம் இருக்கு."